இரண்டாம் கம்பி

தொலைபேசியில் எழும் இரைச்சல் பலவகைப்படும். மழை பெய்த மறுநாள் வருவது கரகரப்பு; பழைய ரிசீவருக்குள் தூசி படிந்தால் வருவது சீறல். இவ்விரண்டும் விருந்தாளிகளைப் போன்றவை; வரும், இருக்கும், போய்விடும். அந்த வீட்டுக் கூடத்தில், சன்னலை ஒட்டிய முக்காலியின்மேல் இருந்த தொலைபேசியில் குடியேறியிருந்ததோ இவற்றுள் எதிலும் அடங்காது. ரிசீவரைக் காதில் வைத்த கணமே, மூடிய அறைக்குள் பெருவண்டு ஒன்று சுற்றுவதைப் போன்ற கனத்த ஓசை, ஏற்றமும் இறக்கமும் இன்றி, மூச்சு வாங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். தொலைபேசித் துறையில் அதனை 'ஹம்' என்பார்கள். அந்த வீட்டுத் தலைவி அதனைச் 'சனியன்' என்று அழைத்தாள்.

வேடிக்கை யாதெனில், அவள் கணவர் அதே துறையில் லைன்மேன். கம்பத்தில் ஏறியும் குழியில் இறங்கியுமே தலை நரைத்தவர். அவர் கை பட்டால் ஊமைத் தொலைபேசியும் வாய் திறக்கும் என்பது அலுவலகத்தில் வழங்கிய பேச்சு.

"ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் பேசணும்னு கம்பத்துல தொங்குறீங்க. நம்ம வீட்டு போன் மட்டும் முனகிக்கிட்டே கிடக்குது. வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்பாள் மனைவி.

"பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

"நீங்க பார்க்குற பார்வைக்கு அது பயந்து ஓடிடும்னு நினைப்பா?"

அந்தத் தொலைபேசிக்கு வாரத்தில் ஒரே ஓர் அழைப்புத்தான் வரும். அது சிறைச்சாலையிலிருந்து வரும். கைதி ஒருவன், முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட ஒற்றை எண்ணுக்கு, சில நிமிடங்கள் மட்டும் பேசலாம் என்பது அங்குள்ள விதி. கைதி அவர்களுடைய ஒரே மகன். எந்த எண்ணைப் பதிவு செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி லைன்மேனுடைய சட்டைப்பையில் இருந்தது.

"என் நம்பரைக் குடுக்காத" என்றார் அவர்.

மனைவி வீட்டுத் தொலைபேசியின் எண்ணைக் கொடுத்தாள். அப்போது அதில் இரைச்சல் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை. கணவர் நாளைக்கே சரிசெய்துவிடுவார் என்று நம்பினாள். பிற்பாடு எண்ணை மாற்றக் கேட்டதற்கு, மாற்ற வழியில்லை என்று சிறையிலிருந்து பதில் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். மகன் சரக்கு லாரி ஓட்டினான். ஒரு மாலை, பெரிய சாலை திரும்பும் வளைவில், குடித்துவிட்டு அவன் ஓட்டி வந்த வண்டி, சாலையோரத் தொலைபேசிக் குழிக்குள் நின்று கேபிளின் கம்பிகளை இணைத்துக்கொண்டிருந்த ஜாயின்டரின் மேல் ஏறிவிட்டது; அவர் அங்கேயே இறந்தார். ஜாயின்டரும் லைன்மேனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே குடைக்குள் நனைந்து, ஒருவர் தேநீரை மற்றவர் குடித்து வளர்ந்தவர்கள். அன்று லைன்மேன் எதிர்ச்சாரியில், துறையினர் பில்லர் என்று சொல்லும் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். லாரியிலிருந்து தள்ளாடி இறங்கியவன் யார் என்பதை அவர் கண் உடனே கண்டது. மனம் சற்றுத் தாமதித்தே ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்தில் மகன், தான் குடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்றான். தந்தை சாட்சிக் கூண்டில் ஏறி, கண்டதைக் கண்டபடி சொன்னார்.

"உங்களைப் பொய் சொல்லச் சொல்லலைங்க. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல" என்று மனைவி ஒரே ஒருமுறை கேட்டாள். அவர் அதற்கு வாயை மூடிக்கொண்டார். மகனோடு அவர் பேசுவதும் அன்றோடு நின்றது.

ஆகவே அழைப்பு வரும் மாலைகளில் லைன்மேன் கொல்லைப்புறத்தில் இருப்பார். கருவிகளைத் துடைப்பார், துடைத்தவற்றை மீண்டும் துடைப்பார். உள்ளே மனைவி, ஏற்கெனவே மந்தப்பட்டுப்போன காதில் ரிசீவரை அழுத்தி, அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி, "கேக்குதுடா கண்ணு, கேக்குது, சொல்லு" என்று கத்திக்கொண்டிருப்பாள். அன்றிரவு சாப்பாட்டின்போது செய்தி வாசிக்கப்படும்.

"நல்லா இருக்கானாம். தோட்ட வேலை குடுத்திருக்காங்களாம். முதுகு வலி பரவாயில்லையாம்." பிறகு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறியபடியே, "உங்களைக் கேட்டான்" என்பாள்.

லைன்மேன் தலை நிமிர மாட்டார். ஆனால் அந்த வாக்கியம் வரும்வரை தட்டைவிட்டு எழவும் மாட்டார். அது வந்த பின்னர் ஒரு கவளம் கூடுதலாகவே இறங்கும். இது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

இரைச்சலை அவர் தேடவில்லை என்று யாரும் குறை கூற இயலாது. தொலைபேசியை மாற்றினார். சுவரில் ஓடிய கம்பியை உரித்தெடுத்துப் புதிதாக அடித்தார். வாசலில் வீட்டு இணைப்பை முழுவதும் துண்டித்து, தெருவிலிருந்து வரும் கம்பியில் நேரடியாகக் காது கொடுத்தார். அங்கும் இரைந்தது; ஆகவே குற்றம் வீட்டுக்குள் இல்லை. கம்பத்தில் ஏறி அங்குள்ள சிறு பெட்டியைத் திறந்து, திருகுகளைக் கழற்றி, களிம்பைச் சுரண்டி, மீண்டும் இறுக்கினார். அங்கும் இரைந்தது. கம்பத்திற்கு அப்பால் கேபிள் மண்ணுக்குள் இறங்கி, வளைவில் உள்ள குழியைக் கடந்து, பில்லரை அடைகிறது. பழுது தேடும் முறைப்படி அடுத்துப் போகவேண்டிய இடம் அதுவே. லைன்மேன் மீண்டும் வீட்டிலிருந்து தொடங்கினார்.

அலுவலகத்தில் முறையிடவும் வழியில்லை. அக்கேபிளில் இருந்த மற்ற வீட்டார் எல்லாரும் கைப்பேசி வாங்கிக்கொண்டு இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "ஒத்த லைனுக்காகக் குழியைத் திறக்கணுமா? அதுவும் உங்க வீட்டு லைனுக்கு? பேசாம சரண்டர் பண்ணிட்டுப் போங்க" என்றார் மேலதிகாரி. சரண்டர் செய்தால் எண் போகும். எண் போனால் மகன் போவான். லைன்மேன் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

மகன் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்திருந்தான். அதன் தீர்ப்பு அந்த வாரத்தில் வரவேண்டும். அரசு அமர்த்தித் தந்த வக்கீல், கைதிக்கே செய்தி சொல்ல மறக்கும் இயல்புடையவர். வீட்டாருக்குச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மகன் வாயால் சொன்னால்தான் உண்டு.

அழைப்பு வரவேண்டிய நாளின் காலையில், மனைவி அவருடைய கருவிப்பையை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இன்னைக்குத் தீர்ப்பு என்னன்னு சொல்லுவான். அது ஒண்ணையாவது நான் கேக்கணும். எங்க போகணுமோ அங்க போங்க."

"எங்க போகணும்?"

"என்னைக் கேட்டா? நான் என்ன லைன்மேனா? ஊர்ல இருக்கிற கம்பம் எல்லாம் ஏறிட்டீங்க. ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் சுத்திச் சுத்திப் போறீங்க. கடைக்குப் போறதுக்குக் கூட அந்த வளைவு வழியாப் போக மாட்டேங்குறீங்க. எனக்குக் காதுதான் மந்தம், கண்ணு இல்லை."

லைன்மேன் முகத்தில் ஈயாடவில்லை. சிறிது நேரம் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"நான் பில்லருக்குப் போய்ச் சேர்ந்ததும் லைனை அங்க கழட்டி டெஸ்ட் பண்ணுவேன். நீ ரிசீவரைக் கையில எடுத்துக் காதுல வச்சுக்கிட்டே இரு. கீழ வைக்காத. இந்தப் பக்கம் போன் எடுத்திருந்தாத்தான் எனக்கு இரைச்சல் நல்லாக் கேக்கும்."

"அவன் போன் வந்துட்டா?"

"அது சாயங்காலம்தான வரும். மதியத்துக்குள்ள முடிச்சுடுவேன்."

"முடிச்சுடுவீங்க" என்றாள் அவள். அதில் நம்பிக்கை இருந்ததா, கிண்டல் இருந்ததா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.

வளைவில் பெரிய மாறுதல் எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை. பில்லர் அதே இடத்தில், அதே சாம்பல் நிறத்தில், சற்றே சாய்ந்து நின்றது. எதிரே குழியின் இரும்பு மூடி, ஓரங்களில் புல் முளைத்துக் கிடந்தது. பில்லருக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர், டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"அட, லைன்மேன் அண்ணனா? உங்களை இந்தப் பக்கம் பார்த்து எவ்வளவு காலமாச்சு. வழி தவறி வந்துட்டீங்களா?"

"வேலை."

"பில்லர்ல இன்னும் வேலை இருக்கா? பல்லி குடும்பம் நடத்துதுன்னுல்ல நினைச்சேன்."

"நீங்க உங்க ஓட்டையைப் பாருங்க. நான் என் ஓட்டையைப் பார்க்குறேன்."

"என் ஓட்டை தண்ணியில முக்கினா பேசிடும் அண்ணே. உங்களுது எப்படி?"

லைன்மேன் கதவைத் திறந்தார். உள்ளே இரு பக்கமும் திருகுகளின் வரிசை. ஒரு பக்கம் தொலைபேசி நிலையமான எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கம்பிகள். மறுபக்கம் வீடுகளுக்குப் போகும் கம்பிகள். ஒன்றையொன்று இணைப்பது நடுவில் வளைந்து செல்லும் சிறு கம்பி. தம் வீட்டுக்குரியதை அவர் கண்ணை மூடிக்கொண்டே தொடுவார். அதனை ஒரு பக்கம் கழற்றிவிட்டு, இடுப்பில் தொங்கிய டெஸ்ட் போனை எடுத்தார். அது பெரிய ரிசீவர் போன்ற கருவி. கம்பியைக் கவ்வும் இரு கிளிப்புகளும், முதுகில் ஒரு சிறு விசையும் உடையது. விசையை மேலே தள்ளினால் பேசலாம். கீழே தள்ளினால் கேட்க மட்டும் செய்யலாம். அப்போது பேசினாலும் குரல் கம்பியில் ஏறாது. பிறர் பேசும் லைனில் கிளிப்பைப் போடும்போது விசை கீழேதான் இருக்கவேண்டும் என்பது தொழிலின் முதல் ஒழுக்கம். அப்படித் தள்ளுவது அவர் கட்டைவிரலுக்கு மூச்சு விடுவதைப் போலப் பழகியிருந்தது.

வீட்டுப் பக்கம் கிளிப்பைப் போட்டார். இரைந்தது. எக்ஸ்சேஞ்ச் பக்கம் போட்டார். டயல் டோன், துடைத்த கண்ணாடியைப் போல வந்தது. அதன் பின்னால் எவ்வோசையும் இல்லை.

ஆகவே குற்றம் பில்லருக்கும் கம்பத்துக்கும் நடுவில். நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று. அவர் திரும்பாமலேயே, முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு மூடியை உணர்ந்தார். கால் நகரவில்லை. இன்னொருமுறை சரிபார்ப்போம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, கிளிப்புகள் எக்ஸ்சேஞ்ச் பக்கம் இருக்கும்படியே விட்டுவிட்டு, பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார்.

டெஸ்ட் போன் மணியடித்தது.

தொழில் நிமித்தம் எத்தனையோ முறை அது கையில் மணியடித்திருக்கிறது. அவர் பழக்கத்தின் வேகத்தில் விசையை மேலே தள்ளிக் காதில் வைத்தார். பெண் குரலில் ஒரு பதிவு, இவ்வழைப்பு சிறைச்சாலையிலிருந்து வருவதாகவும் கண்காணிக்கப்படுவதாகவும் அறிவித்தது. அதன்பின் மகன் பேசினான்.

"அம்மா? நான்தாம்மா. சீக்கிரமே கூப்பிட்டுட்டேன், பயந்துடாத." ஒரு கணம் நின்றான். "என்னம்மா, இன்னைக்குச் சத்தமே இல்லை! அந்த இரைச்சல் போயிடுச்சா? அப்பா சரி பண்ணிட்டாரா?"

நீதிமன்றத்தில் கேட்ட குரல்தான். சற்றுத் தேய்ந்திருந்தது. அந்தப் பக்கம் மகன், இந்தப் பக்கம் தகப்பன், நடுவே பழுதென்று சொல்ல எதுவுமில்லாத கம்பி. லைன்மேன் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து, ஆயிரம் வீட்டாரிடம் ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்த சொற்களே வந்தன.

"டெஸ்டிங் நடக்குது. லைன்ல இருங்க. கனெக்சன் தர்றேன்."

மறுமுனையிலிருந்து, மிக மெல்ல, "அப்பா?"

அதற்குள் அவர் விரல்கள் நடுக்கம்பியைத் திருகில் செருகிவிட்டன. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறவன் கைகூட, பழகிய வேலையைத் தானே செய்துவிடும் போலும். இரைச்சல், மதகு திறந்த வெள்ளமாக உள்ளே பாய்ந்தது. அதன் நடுவிலிருந்து மனைவியின் உரத்த குரல் எழுந்தது.

"ஹலோ! யாரு, கண்ணா? கண்ணு, நீயாடா? கேக்குதுடா, கேக்குது. சொல்லு!"

"அம்மா, மனு தள்ளுபடி ஆயிடுச்சும்மா."

வீட்டைவிடப் பில்லர் எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் இருந்தபடியால், இரைச்சலுக்கு அடியிலும் மகனின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது.

"சாப்பிட்டேண்டா ராசா, இப்பதான் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?"

"இன்னைக்கே வேற ஜெயிலுக்கு மாத்துறாங்கம்மா. வண்டி வந்து நிக்குது. அதான் இப்பவே பேச விட்டாங்க. அங்க போன் கிடையாதாம். தண்டனை முடியுற வரைக்கும் அங்கதானாம்."

"நல்லது கண்ணு. ரொம்ப நல்லது. அப்படியே செய்யி." அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "முதுகு எப்படி இருக்கு? பரவாயில்லைல? சரி, சரி. அப்பா நல்லா இருக்காருடா. எல்லா வாரமும் என்ன சொன்னான், என்ன சொன்னான்னு என்னைப் பிடுங்கி எடுக்குறாரு."

லைன்மேன் பில்லரின் கதவைப் பற்றிக்கொண்டார். தோட்ட வேலை, முதுகு வலி, "உங்களைக் கேட்டான்" என்பன எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது அவருக்கு அப்போது விளங்கியது. இத்தனை காலமும் இந்தப் பெண்பிள்ளை ஒரு சொல்லும் கேட்கவில்லை. இரைச்சலுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். இரைச்சலிலிருந்து பிடித்த பருக்கைகளை இரவில் தம் தட்டில் வைத்திருக்கிறாள். அதே கையால் அந்தப் பக்கமும் பரிமாறியிருக்கிறாள்.

"அம்மா" என்றான் மகன். "உனக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும்மா. எப்பவோ தெரியும். பரவாயில்லை. நீ பேசு. உன் குரல் எனக்குக் கேக்குது."

"ஆமாண்டா ராசா, கேக்குது, கேக்குது."

அவள் பேசிக்கொண்டே போனாள். சன்னல் கதவு ஒடிந்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். மகன் இடையிடையே "ம்" என்றான். பின்னர் வேறொருவரிடம் பேசுவதைப் போலக் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பா. லைன்ல இருக்கீங்களா?"

லைன்மேன் கருவியைக் காதோடு சேர்த்து அழுத்தினார்.

"கோர்ட்ல நீங்க சொன்னதுல பொய் இல்லைப்பா. நான்தான் சொன்னேன் பொய். இதைச் சொல்லணும்னு ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். நீங்க வர மாட்டீங்க. இருக்கீங்களாப்பா?"

"இருக்கேண்டா" என்றார் லைன்மேன். "இங்கதான் இருக்கேன். கேக்குது. எனக்கு எல்லாம் கேக்குது."

பஞ்சர் கடைக்காரர் தொட்டியிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு உரக்கச் சொல்லியிருந்தார்.

"அப்பா?" என்றான் மகன் மறுபடியும். சற்றுப் பொறுத்தான். "இல்லை போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"டேய், இருக்கேண்டா! இருக்கேன்!"

அப்போதுதான் அவர் பார்வை, கருவியின் முதுகில் இருந்த தம் கட்டைவிரலின்மேல் விழுந்தது. விசை கீழே இருந்தது. பிறர் பேசும் லைனில் கம்பியைச் சேர்த்த கணத்திலேயே, அந்தக் கட்டைவிரல் தன் ஒழுக்கத்தைக் காப்பாற்றிவிட்டது. அவர் சொன்ன எதுவும் கம்பியில் ஏறவில்லை. பதறி மேலே தள்ளினார். தள்ளிய வேகத்தில் "தம்பி" என்று அழைத்தார். பெண் குரலில் ஒரு பதிவு, பேசுவதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்தது என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அதற்கும் மனைவி, "சரிடா கண்ணு, உடம்பைப் பார்த்துக்க" என்று விடை கொடுத்துவிட்டு ரிசீவரை வைத்தாள்.

அவர் கிளிப்புகளைக் கழற்றி, கருவியை இடுப்பில் மாட்டினார். பிறகு சாலையைக் கடந்தார். குழியின் மூடியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரத்துப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். பஞ்சர் கடைக்காரர் கடப்பாரையுடன் வந்து பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, இந்தக் குழியா? வேற யாரையாவது வரச் சொல்லலாமே."

"நெம்புங்க."

"நான் சொல்றது என்னன்னா..."

"நெம்புங்க தம்பி."

மூடி நகர்ந்தது. உள்ளே முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். சுவரில் பொருத்திய இரும்புத் தாங்கியின்மேல் கேபிள் கிடந்தது. அதன் நடுவில், அவசரத்தில் சுற்றிய டேப்பால் புடைத்துக் கிடந்தது இணைப்பு. விபத்தின் மறுநாள், வெளியூரிலிருந்து வந்த ஆட்கள், போலீஸ் நிற்கும்போதே அரைமணியில் முடித்து மூடிவிட்டுப் போன வேலை அது. லைன்மேன் இறங்கி, கத்தியால் டேப்பைக் கீறிப் பிரித்தார்.

கம்பிகள் கொத்தாக அவிழ்ந்து விழுந்தன. ஒரு பாதியைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்தது. ஒவ்வொரு முறுக்கும் ஒரே நீளம். ஒவ்வொன்றும் ஒரே பக்கம் மடித்துப் படுக்க வைத்தது. ஜாயின்டர் அதைச் செய்யும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். மறு பாதியில் ஒரு முறுக்கு நீளம், ஒரு முறுக்கு குட்டை, பலவும் தளர்ந்து களிம்பேறியவை. லைன்மேன் தம் வீட்டுக்குரிய ஜோடியைத் தேடிப் பிடித்தார். அது இரு பாதிக்கும் இடையில், எல்லைக் கல்லைப் போல இருந்தது. அதன் முதல் கம்பி, சீராக, இறுக்கமாக, மடித்துப் படுக்க வைத்தபடி இருந்தது. இரண்டாம் கம்பியை வேறொருவர் முறுக்கியிருந்தார். தொட்டதும் அது அவர் விரலோடு வந்துவிட்டது.

லைன் என்பது இரண்டு கம்பி. கேபிளின் பக்கத்திலேயே மின்சாரக் கம்பியும் ஓடுகிறது. அதன் ஓசை இரண்டிலும் ஏறத்தான் செய்யும். இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றில் ஏறியதை மற்றொன்று அழித்துவிடும். காதுக்கு எதுவும் வராது. ஒன்று தளர்ந்தால் எஞ்சியது முழுவதும் காதுக்கு வரும். இவ்வளவுதான் ஹம். முதல் கம்பியை முடித்துவிட்டு இரண்டாவதை எடுக்கக் கை நீட்டிய நேரத்தில்தான் அன்று ஜாயின்டர் தலை நிமிர்ந்திருக்கவேண்டும்.

லைன்மேன் இரண்டாம் கம்பியைச் சுரண்டினார். செம்பு பளபளக்கும்வரை சுரண்டினார். முதலாவதைப் பார்த்துப் பார்த்து, அதே நீளத்தில் முறுக்கி, அதே பக்கம் மடித்துப் படுக்க வைத்தார். அவர் முறுக்கு அத்துணை அழகாக அமையவில்லை. ஆனால் இறுகியிருந்தது. உறையிட்டு, நீர் புகாமல் சுற்றிக் கட்டி, சட்டையெல்லாம் சேறாக மேலே ஏறினார்.

"சரியாயிடுச்சா அண்ணே?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"சரியாயிடுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவர் பில்லருக்கு வந்து கிளிப்புகளைப் போட்டார். இரைச்சல் இல்லை. பழுது நீக்கிய பின்னர், வாடிக்கையாளரை அழைத்து, கேட்கிறதா என்று கேட்டுவிட்டே இடத்தைவிட்டு அகலவேண்டும் என்பது விதி. அதற்கெனத் துறையினருக்கு ஓர் எண் உண்டு. அதை அழுத்திவிட்டு வைத்தால், எக்ஸ்சேஞ்ச் அதே லைனுக்குத் திருப்பி மணியடிக்கும். அவர் அழுத்தினார். முதல் மணி முடியுமுன்னரே ரிசீவர் எடுக்கப்பட்டது.

"கண்ணு? மறுபடியும் விட்டாங்களாடா?"

"நான்தான்."

"நீங்களா?" அவள் கத்தவில்லை. தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தியிருந்தாள். "ஐயோ, என்னங்க இது! பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. நீங்க மூச்சு விடுறது கூடக் கேக்குது. கொஞ்சம் முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதா? இப்பதாங்க பேசினான்."

"என்ன சொன்னான்?"

அக்கேள்வியை அவர் வாயிலிருந்து அவள் கேட்பது அதுவே முதல் முறை. சிறிது தடுமாறினாள்.

"அதான்... நல்லா இருக்கானாம். தீர்ப்பு இன்னும் வரலையாம். அடுத்த வாரம் சொல்றேன்னான். பரவாயில்லை, அடுத்த வாரம் நல்லாக் கேக்கும்ல." பிறகு வழக்கம்போலச் சேர்த்தாள். "உங்களைக் கேட்டான்."

லைன்மேன் எதிரே பார்த்தார். குழியின் மூடியைப் பஞ்சர் கடைக்காரர் காலால் தள்ளி, அதன் இடத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். லைனில் அணுவளவும் ஓசை இல்லை. மறைந்து நிற்க எந்த இரைச்சலும் மிஞ்சவில்லை.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

அவர் விசையைப் பார்த்தார். மேலே இருந்தது. ஆயினும் இன்னொருமுறை விரலால் தடவி உறுதி செய்துகொண்டார்.

"இருக்கேன்" என்றார். "ஆமா, கேட்டான். என்னைத்தான் கேட்டான். நானும் லைன்ல இருந்தேன்மா. அவன் பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை வந்தது. அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னார். மனுவைச் சொன்னார். வண்டி வந்து நின்றதைச் சொன்னார். அந்த இடத்தில் தொலைபேசி இல்லை என்பதைச் சொன்னார். மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடம்விட்டு, மந்தக் காதுக்கும் விளங்கும்படி சொன்னார். சொல்லி முடித்தபின், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், எல்லா வீட்டாரிடமும் கடைசியில் கேட்பதையே கேட்டார்.

"கேக்குதா?"

நெடுநேரம் கழித்து, "கேக்குது" என்றாள் அவள்.